ஸ்பெஷல் நாடகம்: ஒத்திகை இல்லாமல் கூடியவர்கள்

மதுரைப் பக்கத்துச் சுவரொட்டியில் 'ஸ்பெஷல் நாடகம்' என்று போட்டிருந்தால், ஏதோ புதுசா ஒரு நாடகம் போடப் போறாங்க என்று நினைத்துவிடாதீர்கள். நாடகம் பெரும்பாலும் வள்ளி திருமணமாகத்தான் இருக்கும். அதை விட்டால் பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அரிச்சந்திர மயான காண்டம். 'ஸ்பெஷல்' என்பது நாடகத்தைக் குறிக்கிற சொல் இல்லை. நடிகர்களைக் கூப்பிட்ட விதத்தைக் குறிக்கிற சொல். கம்பெனி, குழு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியாக, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும், 'ஸ்பெஷலாக'ப் பேசி வரவழைப்பார்கள். ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் மதுரை, பபூன் திண்டுக்கல், ஆர்மோனியம் காரைக்குடி. நான் சும்மா சொல்கிற ஊர்கள்தான் இவை. ஆனால் விஷயம் இப்படித்தான். பாதிப்பேருக்கு மற்ற பாதியைத் தெரிந்திருக்கும், மீதியை அன்றைக்கு மேடைக்குப் பின்னால்தான் பார்ப்பார்கள். இயக்குநர் இல்லை. ஒத்திகை இல்லவே இல்லை. இரவு 10 மணிக்கு ஆரம்பித்து விடியவிடிய நடிப்பார்கள். விடிந்ததும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடுவார்கள்.

இதைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒரு பட்டறை அழைப்பு. 'உங்கள் கதையைச் சொல்லுங்கள், அடுத்தவர் கதையைக் கேளுங்கள், நாடகத்தின் மூலம் சமூகங்களுக்கிடையே புரிதலை வளர்ப்போம்' என்கிற மாதிரி. இப்போது இந்த மாதிரிப் பட்டறைகள் நிறைய. இதற்கு வெளிநாட்டில் ஒரு மரபே உண்டு. 1975-ல் அமெரிக்காவில் ஜொனாதன் ஃபாக்ஸும் ஜோ சலாஸும் தொடங்கிய 'பிளேபேக் தியேட்டர்' அதில் ஒன்று. பார்வையாளர்களில் ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்வார். நடிகர்கள் அதை அந்த இடத்திலேயே நடித்துக் காட்டுவார்கள். முன்கூட்டியே எழுதி வைத்த வசனம் கிடையாது. உலகம் பூராவும் பரவிய முறை அது. நல்ல விஷயம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அழைப்பைப் படித்தபோது எனக்கு ஓடியது வேறு: முன்பின் தெரியாத ஆட்களை ஒத்திகையில்லாம ஒரே மேடையில ஏத்தி விடுற வேலையை ஏறக்குறைய நூறு வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கிற ஊருங்க இது. அதனால என்ன புரிதல் வளர்ந்துச்சு, எங்க போய் நின்னுச்சு?

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். இன்று மாட்டுத்தாவணி என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது பஸ் ஸ்டாண்டு. புதுக்கோட்டை, திருச்சி, தஞ்சாவூர், ராமநாதபுரம், திருநெல்வேலி என்று ஸ்பெஷல் நாடகம் உயிரோடு இருக்கிற பக்கமெல்லாம் போகிற பஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பேரில் இருக்கிற 'தாவணி' கட்டுகிற தாவணி இல்லை. மாடுகளை வரிசையாகப் பிணைக்கும் நீளக் கயிற்றுக்குத் தாவணி என்று பெயர். அதிலிருந்து மாட்டுச் சந்தைக்கும் அந்தப் பெயர் ஆயிற்று. சித்திரைத் திருவிழாவை ஒட்டி மாடு வாங்க விற்க எங்கெங்கிருந்தோ சனம் வந்து கூடிய இடம். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பேரம் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். வாயால் பேச மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்பது இருவருக்கும் தெரியும். ஒருவன் பேர் ஒருவனுக்குத் தெரிய வேண்டியதில்லை, சாதி தெரிய வேண்டியதில்லை. துண்டுக்குள் கணக்கு முடிந்துவிடும்.

ஸ்பெஷல் நாடகத்தை எனக்கு விளங்க வைத்தது இந்தத் துண்டுதான். அங்கேயும் எல்லோருக்கும் பொதுவான ஒரு விரல்பாஷை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் போனவர் சங்கரதாஸ் சுவாமிகள்.

1867-ல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர், 1922-ல் புதுச்சேரியில் இறந்தார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று பட்டம். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் எழுதியவை. பாட்டும் வசனமுமாக எழுதித் தள்ளியிருக்கிறார். அபிமன்யு சுந்தரியை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தார் என்று அவரிடம் படித்த அவ்வை தி.க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் பதிவு செய்கிறார். அவர் நடத்திய ஒரு சபையின் பெயர் சமரச சன்மார்க்க நாடக சபை. வள்ளலார் வார்த்தை. ஆனால் பெரிய ஆட்களை வைத்துக் கம்பெனி நடத்துவது அவருக்கு ஒத்துவரவில்லை. ஒழுங்குக்குக் கட்டுப்பட மாட்டேன் என்கிறார்கள் என்று சிறுவர்கள் பக்கம் திரும்பினார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா தொடங்கியது அப்படித்தான். தி.க. சண்முகம் சகோதரர்கள் போய்ச் சேர்ந்தது அங்கேதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒழுங்கு வேண்டும் என்று அவர் உண்டாக்கிய பாய்ஸ் கம்பெனிகள் சினிமா வந்ததும் ஒவ்வொன்றாக மூடின. யாருக்கும் கட்டுப்படாமல் தனித்தனியாகத் திரிந்த ஆட்கள்தான் அவருடைய பாட்டை இன்றுவரை காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். மதுரை தமுக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. குருபூஜை அன்றைக்கு நாடகக்காரர்கள் மாலை போட வருகிறார்கள். சங்கத்துக்காரர்கள், ஏஜென்டுகள், ஆர்மோனியம், டோலக், ஆல்ரவுண்டு, சீன் செட்டிங்காரர் எல்லோருக்கும் அவர்தான் குரு. எல்லோரும் ஒரே பாடத்தை மனப்பாடம் பண்ணியவர்கள் என்பதால் யாரும் யாரோடும் நடிக்க முடிகிறது.

மனப்பாடத்தை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போனால் அது பள்ளிக்கூட ஆண்டு விழா. ஸ்பெஷல் நாடகத்தின் உயிர் தர்க்கத்தில் இருக்கிறது. தினைப்புனத்தில் வள்ளி காவல் இருக்கிறாள். நாரதர் வருகிறார். நீ யார், உன் ஊர் எது, தனியாக ஏன் நிற்கிறாய் என்று ஆரம்பிக்கும் பேச்சு எங்கே போகும் என்று இருவருக்குமே தெரியாது. ஆண் உயர்வா பெண் உயர்வா, பக்தி பெரிதா அறிவு பெரிதா, நேற்றைய அரசியல், இன்றைய விலைவாசி. நாரதர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போட்டால் வள்ளி தேவாரத்திலிருந்து ஒன்றை எடுத்து அடிப்பாள். முதல் பத்து நிமிஷம் இரண்டு பேரும் எதிராளியின் ஆழம் பார்க்கிறார்கள். எதிராளி சரக்குள்ள ஆள் என்று தெரிந்தால் மேலே போவார்கள். திணறுகிறார் என்று தெரிந்தால், நல்ல நடிகராக இருந்தால், தானே கேள்வியை வளைத்து அவர் பதில் சொல்லும்படி கொண்டுவந்து கொடுப்பார். இல்லாவிட்டால் ஆர்மோனியக்காரர் ஒரு சுருதியைப் பிடித்து அடுத்த பாட்டுக்குள் தள்ளிவிடுவார். ஆயிரம் பேர் முன்னால் முன்பின் தெரியாத ஒருவரின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலை இது. பட்டறைகளில் 'ஆழ்ந்து கேட்டல்' என்று சொல்லிக் கொடுக்கிறார்களே, அதை நள்ளிரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் செய்கிறார்கள்.

கதைகளும் லேசுப்பட்டவை அல்ல. வள்ளி திருமணம் என்பதே தேவலோகத்து மாப்பிள்ளை ஒருவன் வேடர் வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து, வேலனாகவும் விருத்தனாகவும் வேஷம் போட்டுக் கெஞ்சுகிற கதை. மயான காண்டத்தில் ராஜா அரிச்சந்திரன் சுடுகாடு காக்கிற வீரபாகுவுக்கு அடிமை. காந்தி சின்ன வயதில் பார்த்து மனசைப் பறிகொடுத்ததும் அரிச்சந்திர நாடகம்தான், குஜராத்தியில். வேஷம் போடுகிறவர்களுக்கும் எல்லை கிடையாது. கே.பி. சுந்தராம்பாள் 1935-ல் 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார், அந்தக் காலத்தில் 1 லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு. மதுரை தேவி பால வினோத சங்கீத சபாவை நடத்திய டி.எஸ். ராஜமாணிக்கம் பிள்ளை, பக்த ராமதாஸ் நாடகத்தில் கோல்கொண்டா நவாபாக வந்ததிலிருந்து 'நவாப்' ராஜமாணிக்கம் ஆகிவிட்டார். சாகும்வரை அந்தப் பேர்தான். அதே மனிதர் இயேசுநாதர் நாடகம் போட்டார், ஐயப்பன் நாடகமும் போட்டார். தமிழ்நாட்டில் சபரிமலைக்கு மாலை போடுவது இவ்வளவு பரவியதில் அந்த நாடகத்துக்குப் பங்குண்டு. அவர் சபாவில் சின்னப் பையனாகச் சேர்ந்த எம்.என். நம்பியார் பிற்பாடு எப்பேர்ப்பட்ட குருசாமி ஆனார் என்பது ஊரறிந்த விஷயம். ஒரு இந்து முஸ்லிம் ராஜா வேஷத்தில் பேர் வாங்கி, அந்தப் பேரோடு கிறிஸ்துவ நாடகம் போடுகிறார். யாரும் 'நல்லிணக்கம்' என்று பேனர் கட்டவில்லை. கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது.

இதோடு நிறுத்திவிட்டால் கட்டுரை இனிப்பாக முடிந்துவிடும். வேஷம் போட்டிருக்கிற வரைக்கும் சரி. வேஷம் கலைத்த பிறகு?

மதுரைக்குத் தெற்கே 20 கிலோமீட்டரில் திருமங்கலம். அங்கே தியாகி விசுவநாததாஸ் நினைவு இல்லம் இருக்கிறது. 1886-ல் சிவகாசியில் பிறந்தவர், மருத்துவர் சமூகம். அன்றைக்கு ஊர் வைத்த பேர் நாவிதர். குரலுக்கு ஊர் ஊராக ஆள் திரண்டார்கள். வள்ளி திருமணத்தில் முருகனாக வருவார். தினைப்புனத்தில் பறவை விரட்டுகிற கட்டத்தில் வெள்ளைக் கொக்கை விரட்டுகிற பாட்டு ஒன்று உண்டு. எழுதியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். கொக்கு எது என்று கூட்டத்துக்கும் தெரியும், ஓரமாக நிற்கிற போலீசுக்கும் தெரியும். பாட்டுக்காகவே பிடித்துக்கொண்டு போவார்கள், வெளியே வந்து அடுத்த ஊரில் மறுபடி பாடுவார். முருகன் வேஷத்தில் இருந்தவரைக் கைது செய்ய வந்த போலீசிடம், வாரண்டு விசுவநாததாஸ் பேருக்குத்தானே இருக்கிறது, இப்போது நிற்பது முருகன் என்று சொன்னதாக ஒரு கதை நாடகக்காரர்களிடம் உலவுகிறது. நடந்ததோ நடக்கவில்லையோ, அவர்கள் சொல்லிச் சிரிக்கப் பிடித்த கதை.

அந்த முருகனோடு வள்ளியாக நடிக்கப் பல நடிகைகள் மறுத்தார்கள். காரணம் சாதி. யோசித்துப் பாருங்கள். கதையில் தேவர்குலத்து மாப்பிள்ளை வேடர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறான். அந்தக் காதலைப் பார்க்க சனம் விடியவிடிய உட்கார்ந்திருக்கிறது. மேடையில் அந்த மாப்பிள்ளையின் கையைத் தொடுவதற்குத் தயக்கம். மறுத்தவர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. அந்த நடிகைகளும் ஊர் ஒதுக்கி வைத்தவர்கள்தான். இன்னும் ஒரு படி இறங்கிவிடுவோமோ என்கிற பயம் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சிலர் துணிந்து அவரோடு தொடர்ந்து ஜோடி சேர்ந்தார்கள். அப்படிச் சேர்ந்த ஒவ்வொரு ராத்திரியும், சமரசம் பேசிய எந்த வசனத்தையும்விடக் கனமானது. அந்த நாடகங்களைப் பார்த்தவர்கள் 'சாதி தப்பு' என்று வீட்டுக்குப் போனார்களா என்று கேட்டால், அப்படிச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த மேடையில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் ஏதோ ஒன்று நகர்ந்திருக்கிறது.

1940 டிசம்பர் 31, சென்னை ராயல் தியேட்டர். அன்றும் வள்ளி திருமணம்தான். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவர் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

விசுவநாததாஸ் தன் கதையைத் தானே எழுதி வைக்கவில்லை. பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதினார். அதைத் தேடித் தொகுத்து வெளியிட்டவர் அவருடைய பேரன், மணல்மகுடி நாடக நிலத்தின் ச. முருகபூபதி. சண்முகம் தன் வரலாறு எழுதினார். நாடகக்காரர்களின் சொந்தக் கதை என்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி ஆண்கள் எழுதியது. ஸ்திரீபார்ட் போட்ட பெண்ணுக்கு அதில் ஓரிரு வரி.

இது தற்செயல் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பைக் கவனியுங்கள். வள்ளி வருவதற்கு ரொம்ப முன்னால், முதலில் மேடைக்கு வருகிறவர் பபூன். வந்து தனியாக நின்று கூட்டத்தோடு நேராகப் பேசுவார். ராத்திரி முழுக்க 'நான்' என்று சொந்தக் கதை மாதிரிப் பேச உரிமையுள்ள ஆள் அவர் ஒருவர்தான். பஸ்ஸில் வரும்போது ஒரு பொண்ணைப் பார்த்தேன், அவள் இப்படிச் சொன்னாள், நான் அப்படிச் சொன்னேன் என்று போகும். கொஞ்சம் வம்பான இடம் வந்தால் 'நான்' மெதுவாக 'ஒருத்தன்' ஆகிவிடும். 'தாய்மார்கள் மன்னிக்கணும்' என்று ஒரு கும்பிடு. அடுத்து டான்ஸ் வருகிறவர் உள்ளே நுழைகிறார். முன்பின் தெரியாத இரண்டு பேர் ரோட்டில் இடித்துக்கொள்கிறார்கள். நீதான் இடித்தாய், இல்லை நீதான் என்று சண்டை, போட்டிப் பாட்டு, கடைசியில் காதல். தெரியாத ஆணும் பெண்ணும் ரோட்டில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதுதான் காமிக்கின் கதையே. பபூன் அதைப் பற்றிப் பேசலாம். அந்தப் பெண் பதிலுக்குப் பேசலாம், பாடலாம், இடக்காகக்கூடக் கேட்கலாம். தனியாக நின்று 'நான்' என்று ஒரு கதை சொல்ல அவருக்கு இடம் கிடையாது.

இதைக் கூர்மையாகப் பார்த்தவர் வெளியூர்க்காரர். சூசன் சைசர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1991 முதல் 1993 வரை மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகக்காரர்களோடு திரிந்தார். நாடகத்துக்கு அவர்கள் போகிற வண்டியிலேயே போய், மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, விடிந்து திரும்பியிருக்கிறார். 2005-ல் டியூக் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்த அவருடைய புத்தகம் ஆனந்த குமாரசாமி பரிசு வாங்கியது. தமிழில் இதற்கு இணையான ஒரு புத்தகம் நம் ஆட்களிடமிருந்து வரவில்லையே என்கிற ஆதங்கம் எனக்கு உண்டு. போகட்டும்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு இடங்கள். ஒன்று அடிபிடி காட்சி. புருஷன் பெண்டாட்டி சண்டை, புருஷன் அடிக்கிறான், பிறகு பெண்டாட்டி திருப்பிக் கொடுக்கிறாள், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. பெண்களும்தான். சைசருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் சிரிக்கிறார்கள் என்பதைப் பிடிக்க அவர் ஒரு அத்தியாயம் முழுவதும் செலவழிக்கிறார். தமிழ் தெரியும், வசனம் தெரியும், எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று தெரியும். சிரிப்பு மட்டும் தாண்டி வரவில்லை. ஒரு கலாச்சாரத்தில் அழுகை சீக்கிரம் புரிந்துவிடும், சிரிப்பு கடைசியில்தான் புரியும் போலிருக்கிறது. பட்டறைக்காரர்கள் எப்போதும் அழுகைக் கதைகளையே கேட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்று ரோடு. மேடையில் ரோட்டில் இடித்துக் காதல் பண்ணுகிற அதே நடிகை, நிஜ ரோட்டில் தன்னை யாரும் நடிகை என்று கண்டுபிடித்துவிடக் கூடாது என்று எவ்வளவு பாடுபடுகிறார் என்பதைச் சைசர் பின்தொடர்ந்து எழுதுகிறார். ராத்திரியில் வீட்டை விட்டுக் கிளம்புகிற பெண்ணை ஊர் என்ன பேசும் என்று தெரியும். அதனால் பொதுப் பஸ்ஸைத் தவிர்த்து வாடகை வேன். அதற்குள் எங்கே உட்காருவது என்பதில் கணக்கு. போய் இறங்கிய ஊரில் நாடகம் தொடங்கும்வரை கண்ணில் படாமல் மேடைக்குப் பின்னால் ஒதுங்கி இருப்பது. ஊர்ப் பெண்களிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பதுகூட இல்லை. குடும்பப் பெண்ணின் அடக்கம் என்று ஊர் எதைச் சொல்கிறதோ அதை அவர்கள் வேனுக்குள், திரைக்குள் சின்னதாகக் கட்டிக்கொண்டு கூடவே தூக்கிப் போகிறார்கள். நாடகக்காரர்களுக்குள் மட்டும் புழங்குகிற ஒரு ரகசியப் பேச்சும் உண்டு. வெளியாள் பக்கத்தில் இருந்தால் அதில் பேசிக்கொள்வார்கள்.

கலைக்காக இடம்விட்டு இடம் போய் மக்களோடு கலந்து பழகி, அதனால் புரிதல் வளர்கிறது என்று நாம் நினைக்கிற சித்திரம் இங்கே அப்படியே கவிழ்கிறது. வருஷத்துக்கு எத்தனையோ ஊர் போகிற பெண், போகிற எந்த ஊரையும் பார்ப்பதில்லை. ஊரும் அவரைப் பார்ப்பதில்லை. ஊர் பார்ப்பது வள்ளியை. வள்ளிக்குக் கும்பிடு, மாலை, அன்பளிப்பு அறிவிப்பு எல்லாம் உண்டு. மறுநாள் காலையில் அதே பெண் வாடகைக்கு வீடு கேட்டால் நாடகக்காரிக்கு வீடில்லை. அவருடைய சொந்தக் கதை வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண் பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்கில் கேட்டதால். கதை சொல்ல ஆள் இருந்தது, கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

சைசர் ஊர் திரும்பிய பிறகு செய்த ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர் பார்களில் ராத்திரி ராத்திரி காமெடி பண்ணிப் பிழைக்கிற ஆட்களின் பின்னால் போய் 2012-ல் ஒரு ஆவணப்படம் எடுத்தார். பேர் 'ரோடு காமிக்ஸ்'. மதுரைப் பபூன்களிடம் கற்றுக்கொண்ட கண்ணை வைத்துத் தன் ஊர்ப் பபூன்களைப் பார்த்திருக்கிறார் என்றுதான் அதை நான் எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாகச் சரக்கு அங்கிருந்து இங்கேதான் வரும்.

புரிதலை வளர்க்கவே என்று திட்டமிட்டு நாடகம் போட்ட ஒரு முயற்சியும் நம் பக்கத்தில் உண்டு. இலங்கையில் பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ. பெரேராவும் 2000-களில் ஆரம்பித்த 'ஜனகரலிய', தமிழில் மக்கள் களரி. சிங்கள இளைஞர்களும் தமிழ் இளைஞர்களும் ஒரே குழுவாகச் சேர்ந்து, கூடாரத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் இரண்டு மொழியிலும் நாடகம் போட்டார்கள். யுத்தம் முடியாத காலம் அது. ஸ்பெஷல் நாடகத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே விடிந்ததும் பிரிந்துவிடுவார்கள். அங்கே கூடாரத்தில் சேர்ந்து சமைத்து, சேர்ந்து சண்டை போட்டு, ஒருவர் மொழியை ஒருவர் கற்றுக்கொண்டு மேடையில் பேசினார்கள். சிங்களப் பையன் தமிழ் வசனம் பேசும்போது உச்சரிப்பில் வருகிற அந்தச் சின்னத் தடுமாற்றத்தைக் கேட்கிற தமிழ்க் கிழவிக்கு, வசனத்தைவிட அதுதான் அதிகம் சொல்லியிருக்கும்.

மதுரைக்குத் திரும்புவோம். மேடையில் ஒரு பெண் 'நான்' என்று சொல்ல இடமில்லை என்றேன். அந்த இடத்தைத் தமிழ்நாட்டில் தள்ளித் திறந்தவர்களில் திருநங்கைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு 2007-ல் வந்தது. தலைப்பே 'நான், சரவணன் வித்யா'. 'நான்' தனியாக முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். திருநங்கையான பிறகு அவர் வேலைக்குச் சேர்ந்து வாழ்ந்த ஊர் மதுரை. வீடு தேடுகிற கதை அதிலும் வரும். நாடகக்காரிக்குக் கிடைத்த அதே பதில்தான். பிறகு ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோரோடு சேர்ந்து 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கித் தங்கள் சொந்த வாழ்க்கையையே மேடையில் வைத்தார். லண்டன் போய் நாடகம் படித்தபோது அவர் கற்றுக்கொண்டதில் ஒன்று கோமாளிக் கலை. நாடகத்தில் 'நான்' சொல்லும் உரிமை எந்த வேஷத்திடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அ. ரேவதி தன் 'வெள்ளை மொழி'யைத் தனியாளாக நின்று மேடையில் நடித்துக் காட்டினார், இயக்கியவர் அ. மங்கை. இவையெல்லாம் அரங்கத்துக்குள், டிக்கெட் வாங்கியோ அழைப்பிதழ் வாங்கியோ வந்து உட்காருகிற கூட்டத்துக்கு முன்னால் நடந்தவை. கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்கு முன்னால் ஒரு ஸ்திரீபார்ட் தன் கதையைச் சொல்வது இன்னும் நடக்கவில்லை. ஸ்பெஷல் நாடகத்தில் பாடம் மாறாது. மாறினால் நாளைக்கு வேறொரு ஊர் ஆர்மோனியக்காரருக்குத் தெரியாதே. எல்லோரையும் எல்லோரோடும் நடிக்க விடுகிற அந்தப் பொதுப் பாடம்தான், புதிதாக ஒரு 'நானை' உள்ளே விடாமல் தடுப்பதும். அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று கேட்டால், அது மேடையில் இருக்கிறவர்கள் தர்க்கத்தில் வைத்துத்தான் அவிழ்க்க முடியும். தர்க்கத்தில் மட்டும்தான் பாடம் நெகிழ்கிறது. வள்ளி போடுகிற ஒரு கேள்விக்குள் நடிகையின் சொந்தக் கோபம் நுழைந்து வருவதைக் கவனித்துக் கேட்டால் பிடித்துவிடலாம்.

பங்குனி, சித்திரை, வைகாசிதான் இவர்களுக்கு அறுவடைக் காலம். 2020-ல் ஊரடங்கில் அது அப்படியே போயிற்று. 2021 ஏப்ரலில் மறுபடியும் திருவிழாக்களுக்குத் தடை வந்தபோது, பல மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களுக்கு, மதுரையிலும்தான், நாட்டுப்புறக் கலைஞர்களும் நாடகக்காரர்களும் வேஷம் கட்டிக்கொண்டு மனு கொடுக்க வந்தார்கள். அரிதாரம் பூசிய முகத்தோடு, பட்டப்பகலில், வெயிலில் நின்று, வாடகை எவ்வளவு பாக்கி, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் எவ்வளவு, ரெண்டு வருஷமா கையில ஒரு நாடகம் இல்லை என்று அவரவர் கதையைச் சொன்னார்கள். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள்.